பொட்டலத்தில் ஏறிய தேதி

போளூருக்கும் ஆரணிக்கும் நடுவே இருக்கிறது களம்பூர். அரிசி ஆலைகளுக்குப் பெயர் போன ஊர். அந்தப் பக்கத்தில் அரிசிக்கு விலை பேசும்போது ரகத்தைக் கேட்டதும் அடுத்த கேள்வி, புதுசா பழசா என்பதுதான். பழையதற்கு விலை கூடுதல். அறுவடையான கையோடு அரைத்த அரிசி குழையும், கஞ்சி கொழகொழக்கும். மாதக்கணக்கில் இருப்பில் கிடந்தது உதிரி உதிரியாக வேகும், சோறும் அதிகம் காணும். நாளாக ஆக அரிசிக்குள் இருக்கும் மாவுச்சத்தும் புரதமும் இறுகுகின்றன. வேகும்போது அது கூடுதலாகத் தண்ணீர் வாங்கும், ஆனால் கரையாது. இதே அரிசி ஐந்து கிலோ, பத்து கிலோ பையில் அடைபட்டுக் கடைக்கு வரும்போது அதன் முதுகில் ஒரு முடிவுத் தேதியும் வருகிறது. வயது ஏற விலை ஏறிய பண்டத்துக்கு ஒரு நாள் குறித்து, அதற்குப் பிறகு இது ஆகாது என்று எழுதுவது எப்படி வழக்கமானது? ஆரணிப் பட்டு வட்டாரத்தில் ஒரு நெசவு வீட்டின் அரிசிப் பானையிலிருந்து மளிகைக் கடையின் பாக்கெட் வரை அந்தத் தேதி வந்த வழியைப் பின்தொடர்ந்தால் ஒன்று தெளிவாகிறது. அது வியாபாரியையும் இன்ஸ்பெக்டரையும் மனதில் வைத்து எழுதப்பட்ட தேதி. சமையலறைக்குள் அது வந்தபோது அதற்கு என்ன பொருள் என்று யாரும் சொல்லித்தரவில்லை. இன்று தேதியைப் பார்த்துக் குப்பைக்குப் போகும் உணவில் ஒரு பங்கு இந்த மௌனத்தின் விளைவு என்பதே என் வாதம்.

பழைய வீடுகளுக்குத் தேதிக் கணக்கு தெரியாமல் இல்லை. எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். வருஷத்துக்கு வேண்டிய சரக்கு மாதம் பார்த்து உள்ளே வந்தது: தையில் நெல், மாசி பங்குனியில் புளி, சித்திரையில் வடகம். வட ஆர்க்காட்டு வெங்காய வடகத்தையே எடுத்துக்கொள்ளலாம். சின்ன வெங்காயத்தை இடித்து, பூண்டு, கடுகு, வெந்தயம், சீரகம், உளுந்து, மஞ்சள், உப்பு சேர்த்து ஊறவிடுவார்கள். பிறகு விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடித்துக் கத்திரி வெயிலில் வைப்பார்கள். பகலெல்லாம் வெயில், ராத்திரி மறுபடி பாத்திரத்துக்குள். அடுத்த நாள் உதிர்த்து மீண்டும் உருட்டல். உள்ளீரம் முழுக்கப் போய், கறுத்து, கல்லாக இறுகிய பிறகுதான் ஜாடியில் ஏறும். போன சித்திரையில் போட்டது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எந்த நாளில் கெடும் என்று யாரும் குறிக்கவில்லை. பண்டம் நிலை மாறிய நாள் நினைவில் இருந்தது, மற்றதைக் கையும் மூக்கும் சொல்லின. ஜவ்வாதுமலைச் சாமைக்கும் இதே கணக்கு. உமியோடு இருக்கும்வரை அது வருஷக்கணக்கில் தாங்கும். உமி நீக்கிவிட்டால் தவிட்டிலுள்ள எண்ணெய் காற்றுப் பட்டுச் சில மாதங்களிலேயே சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். அதனால்தான் தேவைக்குத் தேவை குத்தினார்கள். நாள் எண்ணியது உலக்கை விழுந்த நாளிலிருந்து. இட்லி மாவில் இந்த அறிவு இன்னும் நம் கண்முன் இருக்கிறது. முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, அதற்கும் மேல் புளித்தால் ஊத்தப்பம், பணியாரம். புளித்த தயிருக்கு மோர்க்குழம்பு. பண்டத்துக்கு வயதாக ஆகச் சமையல் மாறும். கொட்டும் பேச்சு கடைசியில்தான் வரும்.

இதைப் பொற்காலமாக்கிப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. குதிரில் வைத்த நெல்லை எலியும் அந்துப்பூச்சியும் தின்றன. ஐப்பசி மழையில் பூஞ்சணம் பிடித்தது. செம்மண் கட்டிக் காயவைத்த துவரையும் சில சமயம் வண்டுக்குப் போனது. எல்லாவற்றுக்கும் மேல், வருஷச் சரக்கு வாங்கிவைக்கக் காசும் இடமும் இருந்தவர்களின் கணக்கு இது. கூலி கையில் வந்த பிறகு அன்றைக்கு வேண்டியதை வாங்கும் வீட்டுக்குக் குதிர் ஏது? தறி வீட்டில் கூலி புடவைக் கணக்கில் வருவது. ஒரு புடவை முடியும்வரை கடையில் கடன்தான். அந்த வீடு வாங்கியதெல்லாம் காகிதப் பொட்டலம். அதில் என்ன இருக்கிறது, எப்போது வந்தது என்பதற்குக் கடைக்காரர் வாய்ச்சொல்லைத் தவிரச் சாட்சி இல்லை. தேதி அச்சிட வேண்டும் என்ற சட்டத்துக்கு நியாயம் இங்கேதான் பிறக்கிறது. அதை மறுக்க முடியாது.

ஆனால் சட்டம் தேதியில் தொடங்கவில்லை. 1918-ல் சென்னை மாகாணம் கலப்படத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது பிரச்சினை தண்ணீர் கலந்த பாலும் கொழுப்பு கலந்த நெய்யும்தான். 1954-ல் நாடு முழுமைக்குமாக இயற்றப்பட்டு 1955 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் பார்வையும் அதுவே. பொட்டலப் பொருளுக்கு மாதமும் வருடமும் கட்டாயமாக அச்சிடும் வழக்கம் வலுப்பெற்றது வேறொரு வாசல் வழியாக: நெருக்கடி நிலை அமலில் இருந்த 1976-ல் நிறைவேறிய எடை, அளவுத் தரச் சட்டமும், அதன் கீழ் 1977-ல் வந்த பொட்டலப் பொருள் விதிகளும். விலையேற்றமும் பதுக்கலும் அரசியலையே ஆட்டிவைத்த பத்தாண்டு அது. யார் தயாரித்தது, எவ்வளவு எடை, என்ன விலை, எந்த மாதம் தயாரித்தது அல்லது அடைத்தது என்று பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும் என்றன அந்த விதிகள். பழைய சரக்கைப் புதியதென்று தள்ளிவிடாமலும் எடையில் ஏமாற்றாமலும் வியாபாரியைப் பிடிக்க ஒரு பிடி. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை இன்றும் தொழிலாளர் துறைதான் அமலாக்குகிறது. பிஸ்கட் பாக்கெட்டின் மாதத்தைச் சோதிக்க வந்தவர் சுகாதாரத் துறைக்காரராக இருக்க வேண்டியிருந்ததில்லை என்பதிலேயே அந்தத் தேதியின் பூர்வீகம் தெரிகிறது. கவனிக்க வேண்டியது, அப்போது கேட்கப்பட்டது தொடக்கத் தேதி. வடகத்துக்கும் சாமைக்கும் வீட்டில் இருந்த அதே கணக்குதான். எப்போது ஆனது என்று சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்குபவர் சொல்ல அதில் இடமிருந்தது.

முடிவுத் தேதி நம் மனதில் முதலில் பதிந்தது மாத்திரை அட்டையிலிருந்து. 1940-ன் மருந்துச் சட்டமும் 1945-ன் விதிகளும் மருந்துக்கு அதைக் கட்டாயமாக்கின. தேதி தாண்டிய மாத்திரையைத் தொடக்கூடாது என்பது சரியான பாடம். மருந்துக்கடையில் கற்ற அந்தப் பாடத்தை மளிகைக் கடைக்கும் அப்படியே கொண்டுபோனோம். இதற்குள் உலகம் வேறொரு பாகுபாட்டுக்கு வந்திருந்தது. பிரிட்டனில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்ற கடைச் சங்கிலி 1950-களில் தன் சரக்கறை ஊழியர்களுக்காக வைத்திருந்த தேதிக் குறிப்பு 1970-களில் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி அலமாரிக்கு வந்தது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1978-ல் ஏற்ற லேபிள் நெறிமுறை, தரம் எதுவரை நிற்கும் என்ற தேதியைக் கேட்டது. 1989-ல் திருத்தம் வந்தபோது, சீக்கிரம் கெட்டு உடனடி ஆபத்தாகக்கூடிய பண்டங்களுக்கு மட்டும் தனியாக, இதற்குள் பயன்படுத்து என்ற வேறொரு தேதி சேர்ந்தது. முந்தியது சுவையையும் மொறுமொறுப்பையும் பற்றியது. பிந்தியது வயிற்றைப் பற்றியது. சர்க்கரை, வினிகர் போன்றவற்றுக்கு முடிவுத் தேதியே வேண்டாம் என்று சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் 1985 பொதுத் தரம் விலக்கும் கொடுத்திருக்கிறது.

நாமும் இந்தப் பாகுபாட்டை ஏற்றோம், காகிதத்தில். 2006-ல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் வந்து, 2011 ஆகஸ்ட் 5 முதல் அதன் ஒழுங்குமுறைகள் அமலானபோது இரண்டு தேதிகளுக்கும் தனித்தனி விளக்கம் இருந்தது. 'பெஸ்ட் பிஃபோர்' கடந்த பண்டம் தரத்தில் குறைந்திருந்தாலும் உண்ண முழுக்கப் பாதுகாப்பானதாக இருக்கலாம் என்று விதியே சொல்கிறது. 'எக்ஸ்பயரி' கடந்தது பாதுகாப்பாக இராமல் போகலாம், அதை விற்கக் கூடாது. இவ்வளவு தெளிவாக எழுதிவிட்டு, 2020-ல் வந்த லேபிள் ஒழுங்குமுறையில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் திசையைத் திருப்பியது: எக்ஸ்பயரி அல்லது 'யூஸ் பை' கட்டாயம், பெஸ்ட் பிஃபோர் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. ஐரோப்பா ஆபத்தான சிலவற்றுக்கென்று ஒதுக்கிய தேதியை நாம் பொதுவிதி ஆக்கினோம். பருப்பும் பாலும், ரவையும் பன்னீரும் ஒரே சொல்லின் கீழ் வந்தன. வாங்குபவருக்குக் குழப்பம் வேண்டாம் என்பது இதன் நோக்கமாக இருந்திருக்கலாம். கிடைத்த பலனோ, எந்தத் தேதிக்குப் பயப்பட வேண்டும் என்று பிரித்துப் பார்க்க இருந்த ஒரே வழி அடைபட்டதுதான்.

அந்த நாளைக் குறிப்பது யார் என்ற கேள்விக்குப் பலரும் அரசாங்கம் என்றுதான் பதில் சொல்வார்கள். பெரும்பாலான பண்டங்களுக்கு அதைக் குறிப்பவர் தயாரிப்பாளரே. எதுவரை தன் சரக்கின் ருசிக்கும் மணத்துக்கும் பொறுப்பேற்கிறாரோ அதுவரை எழுதுகிறார். மிக்சி வாங்கும்போது தரும் வாரண்டி அட்டைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. வாரண்டி முடிந்த மறுநாள் மிக்சியை யாரும் தெருவில் வைப்பதில்லை. இனி பாக்கெட்டையே கையில் எடுத்துப் பார்க்கலாம். தேதியைத் தேடினால், மடிப்பில் பார்க்க என்று ஓர் ஆங்கில வரி. மடிப்பில் புள்ளி புள்ளியாக அடித்த மை, விரல் பட்டாலே தேய்ந்துபோகும். அதில் பி.கே.டி. என்று ஒரு வரி, பக்கத்தில் பேட்ச் எண். பழைய பாக்கெட்டுகளில் இன்னும் வேடிக்கை: அடைத்ததிலிருந்து ஆறு மாதம் என்று மட்டும் இருக்கும், கணக்கை நாம்தான் போட வேண்டும். லேபிளில் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்து இந்தியிலோ இருந்தால் போதும் என்பது விதி. தமிழ் சேர்ப்பது தயாரிப்பாளர் விருப்பம். ஆக, போளூர்ச் சந்தையில் பாக்கெட் வாங்கும் ஒருவருக்கு எச்சரிக்கை சொல்லும் வரி அவருக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. தயாரித்த தேதி அல்லது அடைத்த தேதி என்று விதி கொடுக்கும் அந்த 'அல்லது' இன்னும் மோசம். உமி நீக்கிய சாமை பல வாரம் மூட்டையில் கிடந்து நேற்றுப் பாக்கெட்டில் ஏறினாலும் நாள் நேற்றிலிருந்தே ஓடத் தொடங்கும். உலக்கை விழுந்த நாளிலிருந்து எண்ணிய பழைய கணக்கு இதைவிடக் கறாரானது. இந்த ஊர்ப்பக்கத்து அரிசி மூட்டைகள் 2022-க்குப் பிறகு திடீரென்று 26 கிலோவானதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. அந்த ஜூலை 18 முதல் லேபிளோடு வரும் 25 கிலோ வரையான பைகளுக்கு ஐந்து சதவீத வரி வந்ததும் ஆலைகள் ஒரு கிலோவைக் கூட்டின. பொட்டலத்தின் மேல் எழுதப்படும் எதுவும் முதலில் வியாபாரத்தின் மொழிதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இதற்கு வரும் எதிர்வாதங்களில் வலுவானது மூக்கைப் பற்றியது. தேதியை விட்டு மோப்பத்தை நம்பச் சொல்கிறாயா என்பார்கள். திருவண்ணாமலை மாவட்டம் நிலக்கடலை மாவட்டமும்கூட. இந்தக் கேள்வியை இங்கே லேசாகத் தள்ள முடியாது. ஈரத்தோடு அடைத்த கடலையில் வளரும் பூஞ்சணம் அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. 1960-ல் இங்கிலாந்துப் பண்ணைகளில் கடலைப் புண்ணாக்குத் தின்ற வான்கோழிகள் பல்லாயிரமாய்ச் செத்தபோதுதான் அதன் தடம் கிடைத்தது. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தால் ஈரல் பாதித்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நஞ்சுக்கு வாசனை கிடையாது, வறுத்தாலும் முழுதாக அழியாது. குளிர்பதனப் பெட்டிக்குள்ளேயே மெல்ல வளரும் கிருமிகளும் இருக்கின்றன. அவையும் மணத்தால் காட்டிக்கொடுப்பதில்லை. உண்மைதான், மூக்கு எல்லாம் அறிந்ததில்லை. ஆனால் தேதியும் இங்கே உதவவில்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். காயாத கடலை முடிவுத் தேதிக்கு முன்பே நஞ்சாகிவிடும். அதைத் தடுப்பது களத்துக் காய்ச்சலும் ஆய்வகச் சோதனையும். பூஞ்சணம் கண்ட கடலையைத் தேதி பார்க்காமல் எறிய வேண்டும். ஆவின் பால், பன்னீர், வெட்டிய இறைச்சி, குழந்தைக்கான பால்மாவு இவற்றில் தேதியை மீறவே கூடாது. ரவை, சேமியா, பருப்பு, மிளகாய்த்தூள், பிஸ்கட் இவை உலர்ந்து, மூடியபடி, வண்டும் சிக்கும் இல்லாமல் இருந்தால் தேதிக்குப் பின் சில வாரத்தில் இழப்பது கொஞ்சம் மணத்தைத்தான். ஒரே தேதியை இரண்டு வகைக்கும் ஒரே பயத்தோடு படிப்பதே சிக்கல்.

அடுத்த எதிர்வாதம் வெயில். கத்திரியில் கொதிக்கும் ஊரில், மின்சாரம் போய்ப்போய் வரும் கடையில், இவ்வளவு நுணுக்கம் எடுபடுமா, கறாரான ஒரே தேதிதானே பாதுகாப்பு? எனக்குத் தோன்றுவது நேர்மாறு. அச்சிட்ட தேதி குறிப்பிட்ட சூட்டில், குறிப்பிட்ட ஈரத்தில், பிரிக்காமல் வைத்தால் மட்டுமே செல்லும். அந்த நிபந்தனையும் பாக்கெட்டில் சிறு எழுத்தில் இருக்கிறது. வெயில் விழும் முகப்பில் தொங்கும் எண்ணெய்ப் பாக்கெட் தேதிக்கு முன்பே சிக்கடிக்கும். கத்தரித்த மறுநொடி தேதியின் செல்வாக்கு போய்விடும். சூடு கூடக்கூடத் தேதியை மட்டும் நம்புவது ஆபத்து, அது நல்லதைக் கொல்லையில் கொட்டுவதானாலும் சரி, கெட்டதைத் தின்பதானாலும் சரி. பழைய கணக்கில் இடமும் காலமும் சேர்ந்திருந்தன. மழைக்கு முன் ஒருமுறை பருப்பை வெயிலில் காட்டுவது அதன் அங்கம்.

தேதியைத் தளர்த்திப் பேசினால் காலாவதிச் சரக்கை ஏழைகள் தலையில் கட்டுவார்கள் என்ற அச்சமும் நியாயமானது. விற்பனையில் ஒரு நாள்கூடத் தளர்த்தக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். திரும்பி வரும் சரக்கு தேதி மாற்றி மறுபடி சந்தைக்குள் நுழைவதைத் தடுக்க, காலாவதியானதும் நிராகரிக்கப்பட்டதுமான உணவின் கணக்கைத் தயாரிப்பாளர்களும் இறக்குமதியாளர்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் ஆணையம் கேட்டது. அதற்கு முந்தைய மாதம், இணையத்தில் விற்பவர்கள் ஆயுளில் முப்பது சதவீதமோ 45 நாளோ மிச்சமுள்ள சரக்கையே வீட்டில் கொண்டுபோய்த் தர வேண்டும் என்றது. நல்ல ஏற்பாடுகள். இரண்டும் கடைக்காரரைக் கட்டுகின்றன. காசு கொடுத்து வாங்கி அடுக்கிவைத்த ரவையை என்ன செய்வதென்று வீட்டுக்குச் சொல்லும் ஏற்பாடு இவற்றில் இல்லை. விற்கக்கூடாது என்பதையும் உண்ணக்கூடாது என்பதையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டது நாம்.

வீட்டுக் குப்பையில் தேதி பார்த்துக் கொட்டுவது எத்தனை பங்கு இருந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களிடம் நான் பெரிதாகச் சண்டைக்குப் போக மாட்டேன். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாகிறது. நம் சமையலறைகளில் அதில் பெரும்பகுதி ஆக்கி மிஞ்சிய சோறும் குழம்பும், வாடிய காய்கறியும்தான் என்று நினைக்க இடமுண்டு. தேதிக் குறிப்போடு தொடர்புடையது பத்து சதவீதம் வரை என்று ஐரோப்பிய ஆணையத்துக்காக 2018-ல் செய்த ஆய்வு சொன்னது. பாக்கெட்டிலேயே வாழும் ஊர்களின் கணக்கு அது. இங்கே குறைவாகத்தான் இருக்கும். ஆனால் மாவே பாக்கெட்டில் வாங்கும் காலம் வந்துவிட்டது. இரண்டாம் நாள் தோசையாக வேண்டிய மாவு தேதி முடிந்தது என்று கொட்டப்படும்போது அந்தப் பங்கு வளர்வது தெரிகிறது. ஐரோப்பியக் கடைகள் எதிர்ப்பக்கம் நடக்கின்றன: 2022-ல் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நூற்றுக்கணக்கான காய், பழ வகைகளிலிருந்து பெஸ்ட் பிஃபோர் தேதியை நீக்கியது. நாம் அதே காலத்தில் தட்டில் வைத்து விற்கும் லட்டுக்கும் தேதிப் பலகை கேட்டோம். 2020 அக்டோபர் 1 முதல் உதிரி இனிப்புகளுக்கும் அது வேண்டும் என்று உத்தரவு. கலாகண்டுக்கு ஒரு நாள், ரசகுல்லாவுக்கு இரண்டு, கோவா இனிப்புக்கு நான்கு, நெய்யும் உலர்பழமும் சேர்ந்ததற்கு ஏழு என்று வழிகாட்டியும் வந்தது. பால் இனிப்பு விரைவில் கெடும் என்பதால் அது தேவையான காரியம். பண்டத்துக்குப் பண்டம் நாள் வேறு என்று அங்கே ஒப்புக்கொண்ட நம் ஆணையம், பாக்கெட் லேபிளில் அந்த நிதானத்தைக் காட்டவில்லை.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. உலர்ந்த சரக்குக்குப் பெஸ்ட் பிஃபோரைத் திரும்பக் கட்டாயமாக்கி, அது ருசியைப் பற்றிய தேதி என்று மாநில மொழியில் ஒரு வரி சேர்க்கலாம். அடைத்த நாளோடு அரைத்த நாளையும் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: 2011-ன் விதிகள் முப்பது சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்த பரப்புள்ள பாக்கெட்டில் தேதியே வேண்டாம், அதை அடக்கிய பெரிய உறையில் இருந்தால் போதும் என்று விலக்களித்தன. பெரிய உறையைப் பிரித்து வைத்திருப்பவர் கடைக்காரர். தறிக்கூலி வரும்வரை சின்னச் சின்னப் பாக்கெட்டாய் வாங்கும் வீட்டுக்குப் போவது அதிலிருந்து கிழித்துக் கொடுத்த ஒன்று. சூப்பர் மார்க்கெட் வாடிக்கையாளர் தேவைக்கு மேல் தேதியைப் பார்த்துக் கொட்டுகிறார். இவருக்குப் பார்க்கவே தேதி தரப்படவில்லை. லேபிள் சீர்திருத்தம் பற்றிப் பேச்செடுத்தால் எடுக்க வேண்டிய இடம் அந்தச் சின்னப் பாக்கெட்தான்.